பால்மர இலையும் பருத்தித் துணியும்

இலையின் வடிவமும் நரம்பும் நிறமும் துணியில் நேரடியாகப் பதியும்படி செய்யும் முறைக்கு இலையச்சு என்று பெயர். இதற்குத் தூரிகை வேண்டாம், அச்சுக்கட்டை வேண்டாம், கடையில் வாங்கும் சாயப்பொடியும் வேண்டாம். இலையே அச்சு, அதனுள் இருக்கும் வேதிப்பொருளே சாயம். ஒரு பழைய பானை, ஒரு கட்டிப் படிகாரம், நாலைந்து துருப்பிடித்த ஆணிகள், நல்ல பருத்தித் துணி ஆகியவை இருந்தால் சிரம்பான் வட்டாரத்தில் எந்த வீட்டுப் பின்கட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் செய்து பார்த்தவர்களில் பலர் முதல் சலவையோடு விட்டுவிடுகிறார்கள். நேற்றுப் பளிச்சென்று இருந்த இலை, இன்று வாளித் தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. நிறம் ஏறுவது ஒன்று, நிறம் நிற்பது வேறொன்று என்பது புரிந்தால்தான் இந்தக் கைவேலை கைகூடும்.

கறையின் மூன்று வகை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கறையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரந்தாவிலும் லாபுவிலும் சிலியாவிலும் பால்மரம் வெட்டப் போனவர்கள் வேலைக்கென்றே ஒரு சட்டையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரத்தில் பால் வடிந்து சேரும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது தெறித்த பால் அந்தச் சட்டையில் வெள்ளையாக விழுந்து, மாலைக்குள் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். வாழைத்தார் வெட்டும்போது பட்ட கறையும் அப்படியே. குழந்தைகள் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட சிவப்புக் கீரையின் நிறமோ பார்க்க இரத்தம்போல் இருந்தாலும் ஒரு சோப்புக்குப் போய்விடும். இந்த மூன்று கறைகளும் மூன்று வெவ்வேறு வேதியியல்.

பால்மரத்தின் பாலில் மிக நுண்ணிய ரப்பர் துளிகள் நீரில் மிதக்கின்றன. நீர் உலர்ந்ததும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நூலிழையைச் சுற்றிப் படலமாக இறுகிவிடுகின்றன. இது சாயம் ஏறுவது அல்ல, பசை ஒட்டுவது. அந்தப் படலம் கறுப்பதற்குக் காரணம் வேறு: பாலிலேயே உள்ள பீனால் சேர்மங்களை ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்துப் பழுப்பாக்குகிறது. வெளிர்நிறக் கிரேப் ரப்பர் தயாரிக்கும்போது பாலில் சோடியம் பைசல்பைட்டு கலப்பது இந்த நொதியின் வேலையைத் தடுக்கத்தான்.

வாழைக்கறையில் ரப்பர் கிடையாது. அதில் இருப்பது டானின், அதாவது துவர்ப்பைத் தரும் பொருள். அது இழைக்குள் ஊறி, அங்கேயே காற்றுப்பட்டு, கரையாத பழுப்புப் பொருளாக மாறிவிடுகிறது. இலையச்சுக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கறைதான்.

சிவப்புக் கீரையின் நிறம் பீட்டாலைன் என்ற வகையைச் சேர்ந்தது. பீட்ரூட்டும் டிராகன் பழமும் இதே வகைதான். நீரில் எளிதில் கரையும், வெப்பத்தில் சிதையும், துணியின் இழையைப் பற்றிக்கொள்ள இதற்கு வழியில்லை. சமையலறையில் மிக அழகாகத் தெரியும் நிறங்கள் துணியில் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகின்றன. நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூவும் அப்படித்தான். அதில் உள்ளது ஆந்தோசயனின். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகும், சலவைச் சோடா பட்டால் பச்சையாகும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். இலையச்சைக் கற்கத் தொடங்குபவர் பூவின் பளபளப்பை நம்புவதைவிட இலையின் துவர்ப்பை நம்புவது நல்லது.

துணிக்கும் இலைக்கும் நடுவில் ஓர் உலோகம்

மருதாணி இலையை அரைத்து வைத்தால் கை சிவக்கிறது. அதே விழுதைப் பருத்தித் துணியில் வைத்தால் மங்கிய பழுப்புதான் கிடைக்கிறது. மருதாணியில் உள்ள லாசோன் என்ற பொருள் புரதத்தோடு நன்றாகப் பிணையும். தோலின் மேலடுக்கும் நகமும் கெரட்டின் என்ற புரதம். பட்டும் கம்பளியும்கூடப் புரதங்களே. பருத்தியோ செல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அதன் மேற்பரப்பு தாவர நிறங்களை அவ்வளவாக விரும்பிப் பிடிப்பதில்லை. அதனால் நடுவில் ஒரு தரகர் தேவைப்படுகிறார். அவருக்குத் தமிழில் நிறமூன்றி என்று பெயர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் ‘கடித்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது.

கடிப்பது உலோக அயனி. படிகாரத்தை நீரில் கரைத்தால் அலுமினியம் அயனியாகப் பிரிகிறது. அது ஒரு பக்கம் இழையின் ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொள்ளும். மறுபக்கம் இலையிலிருந்து வரும் நிறமூலக்கூறின் அடுத்தடுத்த இரண்டு ஆக்சிஜன் அணுக்களை நண்டின் கொடுக்குபோல் கவ்விக்கொள்ளும். வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். இப்படிக் கவ்வப்பட்ட நிறம் நீரில் கரைவதில்லை. வினிகரும் உப்பும் போட்டால் நிறம் நிற்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. இரண்டிலும் நிறத்தைக் கவ்வும் உலோக அயனி இல்லை.

இரும்பும் ஒரு நிறமூன்றிதான். ஆனால் அது தன் நிறத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. டானினோடு சேர்ந்தால் சாம்பல், கருநீலம், கறுப்பு. குவர்செட்டின் போன்ற மஞ்சள் ஃபிளேவனாய்டுகளோடு சேர்ந்தால் ஆலிவ் பச்சை. ஒரே கொய்யா இலை படிகாரத் துணியில் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், இரும்பு பட்ட இடத்தில் கரும்பழுப்பாகவும் பதிவது இதனால்தான். பல நூற்றாண்டுகள் ஐரோப்பா எழுதிய மையும் டானினும் இரும்பும் சேர்ந்ததே.

இந்த அறிவு தமிழர்களுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் துணியை முதலில் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்தார்கள். கடுக்காயின் டானின் இழையில் ஊறி, பின்னால் வரும் உலோகத்துக்குப் பிடிமானம் தந்தது. பாலின் கொழுப்பு, வரைந்த கோடு பரவாமல் காத்தது. பிறகு படிகாரத்தால் வரைந்து சாயவேர் கொதிநீரில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்தது. கறுப்புக்கு வெல்லத்தையும் இரும்புத் துண்டுகளையும் நீரில் பல நாள் ஊறவைத்த கரைசல். அந்தத் துணிகள் கடல் கடந்தும் போயின. 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் மலாக்காவில் இருந்து எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரெஸ், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இறங்கிய துணிகளையும் அவற்றைக் கொண்டுவந்த வணிகர்களையும் குறித்திருக்கிறார். பால்மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, தமிழர் கையில் சாயமேறிய துணி சிரம்பானுக்குத் தெற்கே கரையிறங்கியிருந்தது.

சுற்றுவட்டார இலைகள்

போர்ட்டிக்சன் கடற்கரையில் குடைபோல் அடுக்கடுக்காகக் கிளைவிட்டு நிற்கும் மரம் கெத்தாப்பாங். தமிழில் நாட்டு வாதுமை. தாவரவியலில் இது டெர்மினாலியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கடுக்காய் மரமும் அதே பேரினம்தான். ஊரில் விட்டுவந்த கடுக்காயின் உடன்பிறப்பு இங்கே கடற்கரையில் நிழல் தந்துகொண்டிருக்கிறது. இதன் இலையில் டானின் மிகுதி. சண்டை மீன் வளர்ப்பவர்கள் போத்தலில் காய்ந்த கெத்தாப்பாங் இலையைப் போட்டதும் தண்ணீர் தேயிலைச் சாறுபோல் நிறம் மாறுவது அதனால்தான். உதிர்வதற்கு முன் சிவந்த இலையைப் பொறுக்கி, இரும்பு நீரில் தோய்த்து வைத்தால், கருஞ்சாம்பல் நிறத்தில் நரம்புகூடத் தெளிவாக விழும். முதல்முறை செய்பவர் இந்த இலையிலிருந்து தொடங்கலாம், ஏமாற்றாது.

தேக்கங்கொழுந்து இன்னொரு நம்பகமான இலை. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாலே சிவக்கும். முற்றிய இலையைவிடக் கிளை நுனியில் இருக்கும் இளம் இலைகளே நிறம் தருகின்றன. துணியில் செம்மை கலந்த ஊதா கிடைக்கிறது. ஜாவாவில், குறிப்பாக யோக்யகர்த்தா வட்டாரத்தில், இலையச்சு வீட்டுத் தொழிலாகப் பரவியதில் தேக்கிலைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வழங்கும் ‘எக்கோபிரிண்ட்’ என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் இந்தியா பிளின்ட் என்ற ஆஸ்திரேலியக் கலைஞர். யூகலிப்டஸ் இலைகளைத் துணியில் சுருட்டி வேகவைத்துப் பெற்ற நிறங்களைப் பற்றி 2008இல் அவர் வெளியிட்ட நூல் பல நாடுகளில் இந்தக் கைவேலையைப் பரப்பியது.

செண்டுடுக் செடியைத் தெரியாத தோட்டப்பிள்ளை இருக்க முடியாது. ஊதாப் பூ, வெடித்த பழத்துக்குள் கருஞ்சதை. தின்றால் வாயும் நாக்கும் கறுத்துவிடும். மெலஸ்டோமா என்ற அதன் தாவரவியல் பெயருக்கே கிரேக்கத்தில் ‘கறுத்த வாய்’ என்றுதான் பொருள். ஆனால் பழத்தைவிட இலைதான் வியப்புக்குரியது. அமில மண்ணில் மற்றச் செடிகளுக்கு நஞ்சாகும் அலுமினியத்தை இது வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த இலையில் 1 கிராமுக்கு மேல் அலுமினியம் இருந்தாலே அந்தச் செடியை அலுமினியம் சேர்க்கும் செடி என்பார்கள். செண்டுடுக் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டுகிறது. இந்தோனேசியத் தீவுகளின் நெசவாளர்கள் படிகாரத்துக்குப் பதிலாக இதேபோன்ற குணமுள்ள சிம்ப்ளோகோஸ் மரத்தின் இலையையும் பட்டையையும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். செண்டுடுக் இலைக் கொதிநீரில் துணியை ஊறவைத்துப் பார்ப்பது பள்ளி அறிவியல் மன்றங்களுக்கு ஏற்ற ஓர் ஆய்வு.

இனி பால்மரம். ஒரு காம்பில் மூன்று இலை. ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வரும் வாரங்களில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மேற்குக் கரைத் தோட்டங்களில் இலை பழுத்துச் சிவந்து உதிர்கிறது; பிறகு செம்புநிறக் கொழுந்து விடுகிறது. இலையில் டானின் உண்டு என்றாலும் கெத்தாப்பாங்கோடும் தேக்கோடும் ஒப்பிட்டால் நிறத்தில் இது ஏழை. இதன் செல்வம் நரம்பில் இருக்கிறது. நடுநரம்பிலிருந்து பிரியும் கிளைநரம்புகளும் அவற்றுக்கிடையே பின்னிய வலையும் அவ்வளவு சீரானவை. அதனால்தான் சதையை நீக்கிய பால்மர இலைக்கூடு உலகெங்கும் கைவினைப் பொருளாக விற்கப்படுகிறது. உதிர்ந்த இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் சில வாரங்கள் அழுகவிட்டு, மென்மையான தூரிகையால் சதையைத் தேய்த்து எடுத்தால் கூடு கிடைக்கும். அதன்மேல் துணிச்சாயம் தடவி ஒற்றுவதும் இலையச்சில் ஒரு வகையே. பச்சை இலையாகப் பயன்படுத்த விரும்புகிறவர் இரும்பு நீரில் தோய்த்து, கீழ்ப்புறம் துணியைத் தொடும்படி வைக்க வேண்டும். மரங்களின் இலைத்துளைகள் பெரும்பாலும் கீழ்ப்புறத்தில்தான் உள்ளன. நரம்பு புடைத்திருப்பதும் அங்கேதான். மேற்புறத்து மெழுகு சாற்றை எளிதில் வெளியே விடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பால்மர இலையிலும் மரவள்ளி இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கும்போது நொதி பட்டு அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். சில இலைகளை அச்சிடுவதில் வெளிவருவது சிறிதளவுதான், அதுவும் காற்றில் போய்விடும். என்றாலும் இந்த இலைகளை மூடிய சமையலறையில் வேகவைக்கக் கூடாது. வேகவைத்த நீரை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது.

செம்பனை ஓலை அச்சுக்கு அவ்வளவாக உதவாது. தடித்த மெழுகுத்தோல், இணையாக ஓடும் நரம்பு. கெத்தாப்பாங் இலைகளுக்கு நடுவே கோடுகளாகக் கிழித்து வைத்தால் மட்டும் ஓர் அழகு.

செய்யும் முறை

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணியில் பருத்தி இழை மட்டுமே நிறம் பிடிக்கும். அச்சு வெளுத்துத் தெரியும். புதுத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். சலவைச் சோடா ஒரு மேசைக்கரண்டி போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். பல தோல்விகளுக்குக் காரணம் இந்த வேலையைத் தவிர்ப்பதுதான்.

அடுத்து நிறமூன்றி. உலர்ந்த துணியின் எடையில் 15 விழுக்காடு படிகாரம்: 200 கிராம் துணிக்கு 30 கிராம். கண்திருஷ்டிக்குக் கடைவாசலில் கட்டித் தொங்கவிடும் அதே படிகாரம்தான். பொடித்து வெந்நீரில் கரைத்து, பிறகு துணி நன்றாக மூழ்கும் அளவு நீர் சேர்த்து, ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பருத்தியில் படிகாரம் இன்னும் உறுதியாக ஏற வேண்டுமானால் அதற்கு முன் கடுக்காய்ப் பொடி 20 கிராம் கலந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு நீர் எங்கே சொட்டினாலும் அந்த இடம் சாம்பலாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் இலை தெரிய வேண்டும் என்றால் கடுக்காயைத் தவிர்த்துவிடுவதே நல்லது. கருத்த பின்னணியில் இலை வெளிர்ந்து தெரிய வேண்டும் என்றால் கடுக்காய் அவசியம்.

இரும்பு நீருக்கு அன்னபேதி வாங்கலாம்: ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. இல்லாவிட்டால் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு வாரம் ஊறவைத்து, வடிகட்டி, நீர் கலந்து கொள்ளலாம். நிறம் அழுத்தமாக வரட்டும் என்று இரும்பைக் கூட்டக் கூடாது. இரும்பு காலப்போக்கில் செல்லுலோஸைச் சிதைக்கிறது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலத் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்று உதிர்ந்திருப்பது இதனால்தான். அன்னபேதியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

ஊறிய துணியைப் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே மேசையில் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். இலைகளை இரும்பு நீரில் தோய்த்து, சொட்டாதபடி துடைத்து, கீழ்ப்புறம் துணியில் படும்படி அடுக்க வேண்டும். தடித்த நடுநரம்பைக் கத்தியால் சீவிவிட்டால் இலை தட்டையாக அமரும். மேலே ஒரு பழைய துணியோ தாளோ விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றின் நிறம் அடுத்த சுற்றிலும் பதியும். பிறகு ஒரு மூங்கில் துண்டில் இறுகச் சுருட்டிக் கட்ட வேண்டும். இறுக்கம்தான் அச்சின் தெளிவைத் தீர்மானிக்கிறது. இலைக்கும் துணிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே நீராவி புகுந்து நிறம் பரவிவிடும். சாதாரணக் கயிறு வேகும்போது தளரும். பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றினால், உள்ளே இலை சுருங்கச் சுருங்க அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சுருளை நீர் தொடாதபடி ஆவியில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வெப்பம் இலையின் செல்சுவர்களைத் தளர்த்தி, டானினையும் ஃபிளேவனாய்டுகளையும் வெளியே கொண்டுவருகிறது. அவை அங்கேயே காத்திருக்கும் உலோக அயனிகளிடம் மாட்டிக்கொள்கின்றன. இலைப்பச்சை மட்டும் அப்படி நிற்பதில்லை. வெப்பத்தில் அதன் நடுவில் உள்ள மக்னீசியம் கழன்று, பச்சை ஆலிவ் பழுப்பாகிறது. கீரையை அதிகமாக வேகவைத்தால் நிறம் செத்துப்போவதும் இதே மாற்றத்தால்தான். பச்சை இலையைத் துணியில் வைத்துச் சுத்தியலால் தட்டி அச்செடுக்கும் முறையில் முதலில் இந்தப் பச்சை அழகாகவே விழும். ஜப்பானில் ததாகிசோமே என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை வெயிலுக்கு நிற்காது. சில வாரங்களில் பழுப்பாகும் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

வெந்த சுருளை உடனே பிரிக்கக் கூடாது. ஓர் இரவு ஆறட்டும். பிரிக்கும்போது வெளிறித் தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. டானினோடு சேர்ந்த இரும்பு காற்றுப்பட்ட பிறகுதான் முழுதாகக் கறுக்கும். அரை மணி நேரத்தில் அச்சு கண்ணெதிரே அழுத்தமாகும். நிழலில் உலர்த்தி, ஒரு வாரம் கழித்துத் துவைப்பது நல்லது. காரம் மிகுந்த சலவைத்தூள் நிறத்தை மாற்றிவிடும். மென்மையான சோப்புப் போதும். பானை, கரண்டி, வடிகட்டி எதுவும் திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது.

சோதனைத் துண்டு

ஒரே மரத்தின் இலை ஜனவரியில் ஒரு நிறமும் ஜூனில் வேறு நிறமும் தரும். மழைக்குப் பின் பறித்த இலை, கொழுந்து, பழுப்பு, குழாய்நீரில் உள்ள தாது எல்லாம் முடிவை மாற்றும். அதனால் சேலையிலோ சட்டையிலோ கைவைப்பதற்கு முன், ஒவ்வொரு இலைக்கும் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டைப் பாதி அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் வைத்தால், மூடிய பாதியும் மூடாத பாதியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும். துணி ஆய்வுக்கூடங்களிலும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள்: 1 முதல் 8 வரை தரம் பிரித்த நீலக் கம்பளித் துண்டுகளோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்து, எதற்கு இணையாக வெளுக்கிறது என்று பார்க்கிறார்கள்.

நிறத்தைப் போலவே இலை தரும் தோட்டமும் நிலைப்பதில்லை. ஒரு பால்மரம் பொருளாதாரப் பயன் தருவது ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். பிறகு வெட்டி மறுநடவு செய்கிறார்கள். நெகிரி செம்பிலானில் அப்படி வெட்டிய எத்தனையோ தோட்டங்களில் திரும்ப நட்டது பால்மரம் அல்ல, செம்பனை. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தொழிலாளர்கள் குடியிருந்த லயன்கள் இருந்த இடமும் அடையாளம் தெரியவில்லை. ஆகவே இலையச்சுச் செய்கிறவர்கள் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் இலை எடுத்த தோட்டத்தின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் ஊசிநூலால் தைத்துவைக்க வேண்டும். பேனாவால் எழுதினால் துவைப்பில் போய்விடும்.